அந்த நேரத்தில் வண்டியை ஓட்டியது யார்? பொய்கை அருகே நடந்த ஒரு விபத்தின் முழு விவரம்

பின்னணி

வேலூர்ப் பக்கம் ஒரு சின்ன டிராவல்ஸில் நடந்த விஷயம் இது. மூன்று வண்டி, நிரந்தர டிரைவர்கள் இரண்டு பேர், கூட்டம் அதிகமானால் ஆக்டிங் டிரைவர்கள். கணக்கு வழக்கு எல்லாம் ஓனரும் அவர் மனைவியும். நான் அவர்களுடைய வண்டி வேலைகளைப் பார்க்கிறவன், இதே ஊரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். பெயரும் வேண்டாம், வண்டியின் பிராண்டும் வேண்டாம் என்றார்கள், எனக்கும் அது சரியென்று பட்டது. பிராண்ட் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான்.

இவர்களுக்குச் சவாரி பெரும்பாலும் சிகிச்சைக்கு வருகிறவர்கள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வருவார்கள். ரயிலில் வருகிறவர்கள் காட்பாடியில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்வார்கள், விமானத்தில் வருகிறவர்களைத்தான் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்க் கூட்டி வர வேண்டும். பாதிச் சவாரி ராத்திரியில். டிரைவர் சாயங்காலம் கிளம்பிப் பெங்களூரு போய், விமானம் தாமதமானால் பார்க்கிங்கிலேயே சீட்டைச் சாய்த்துக் கொஞ்சம் கண்ணயர்ந்து, விடிவதற்குள் நோயாளியைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்தச் சோர்வு ஓனருக்குத் தெரியும், அவரே பல வருஷம் ஓட்டியவர். அதனால்தான் புது எஸ்யூவி எடுக்கும்போது கூடுதல் பணம் போட்டு அடாஸ் (ஓட்டுகிறவருக்கு உதவும் மின்னணு வசதிகள்) உள்ள மாடலாக எடுத்தார்.

முன் கண்ணாடியின் உச்சியில் ஒரு கேமரா, முன் பம்பரில் ஒரு ரேடார், பின் பம்பர் மூலைகளில் இரண்டு சின்ன ரேடார். இவற்றை வைத்துக்கொண்டு அந்த வண்டி முன்னால் போகும் வண்டிக்குத் தகுந்தபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் (அடாப்டிவ் குரூஸ்), லேன் கோட்டைப் பார்த்து ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பி நடுவில் வைத்துக்கொள்ளும் (லேன் அசிஸ்ட்), மோதப்போகிறது என்றால் கத்திவிட்டுத் தானாகப் பிரேக் போடும், பின்னால் கண்ணாடியில் தெரியாத இடத்தில் வண்டி வந்தால் சொல்லும்.

இதற்கு லெவல் 2 என்று பெயர். எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு 2014-ல் கொண்டுவந்து, கடைசியாக 2021-ல் திருத்திய ஜே3016 என்ற வகைப்பாட்டில் 0 முதல் 5 வரை ஆறு படிகள். 0, 1, 2 வரைக்கும் ஓட்டுகிறவர் மனிதர், கருவி கூட நின்று உதவும். 3-லிருந்து, இயங்கும் நேரத்தில் ஓட்டுவது கருவி. ஆக 2-க்கும் 3-க்கும் நடுவே இருப்பது ஒரு படி வித்தியாசம் கிடையாது, பொறுப்பே கை மாறுகிறது. ஆனால் வண்டியை ஒப்படைத்த நாளில் ஷோரூம் பையன் சொன்னது, "பாதி ஆட்டோமேட்டிக் சார், காரே பாத்துக்கும்." டிரைவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நின்று கேட்டார்கள். வண்டியோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் தடிமனாக இருந்தது, டேஷ்போர்டில் பிளாஸ்டிக் கவர் பிரிக்காமலே கிடந்தது. இரண்டு டிரைவர்களுக்கும் படிக்கத் தெரிந்தது தமிழ்தான்.

மூத்தவர் லாரியில் தொடங்கியவர், இந்த வசதிகள் பக்கமே போகமாட்டார். ஸ்டியரிங் தானாக அசைந்தால் அவருக்கு ஆகாது. இளையவருக்கு நேர் எதிர், முதல் வாரத்திலேயே எல்லாப் பட்டனையும் பழகிக்கொண்டார்.

சம்பவம் நடந்த இரவு

தை மாதம், கரும்பு வெட்டு மும்முரமாக நடக்கிற நேரம். இளையவர் பெங்களூரு விமான நிலையத்தில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு வந்தார். நோயாளியும் அவர் மகளும் நடு சீட்டில், மருமகன் முன்னால். கிருஷ்ணகிரி தாண்டி 48-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறியதும் குரூஸில் 95 வைத்துவிட்டார். வாணியம்பாடி, ஆம்பூர் வரை ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு அவரே என்னிடம் சொன்னது: "ரொம்ப நல்லா ஓட்டுச்சுண்ணா, நான் சும்மா கைய மட்டும் வெச்சினு இருந்தேன்."

பள்ளிகொண்டா டோல் தாண்டியதும் மறுபடி குரூஸ். அப்போது விடியற்காலை மூன்றரை இருக்கும், லேசான பனி. முன்னால் ஒரு ஆம்னி பஸ், இடது லேனில், கிட்டத்தட்ட 78-ல் போய்க்கொண்டிருந்தது. வண்டியும் அதன் பின்னாலேயே இடைவெளி விட்டு 78-ல் போனது. பொய்கை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பஸ் இண்டிகேட்டர் போடாமல் சட்டென்று வலது பக்கம் ஒதுங்கியது. பஸ் இருந்த இடத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர். ஊர்ந்துகொண்டிருந்தது, பின் விளக்கு எரியவில்லை.

டிரைவர் பிரேக்கை மிதித்து வலப்பக்கம் ஒடித்தார். வண்டி டிரெய்லரில் இடிக்கவில்லை, ஆனால் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த கரும்புகள் முன் கண்ணாடியின் இடது பாதியை அடித்து உடைத்து, சைடு மிரரையும் பிடுங்கிக்கொண்டு போயின. முன்னால் உட்கார்ந்திருந்தவருக்கு முழங்கையில் கண்ணாடிச் சில்லு கிழித்தது, நோயாளிக்கும் மகளுக்கும் அடி இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் வலது லேனில் வேறு வண்டி வந்திருந்தால் நான் இப்போது வேறு மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

மூத்தவர் இன்னொரு வண்டியோடு வந்து மூன்று பேரையும் கூட்டிப் போனார். டிராக்டர்காரர் ஓடிப்போகவில்லை, கூடவே நின்றார். வயலில் லோடு ஏற்றும்போது பின் விளக்கு ஒயர் பிய்ந்துவிட்டதாம், பதிலுக்கு ஒரு சிவப்புத் துணியைக் கரும்புக் கட்டில் செருகியிருந்தார். இருட்டில் அது யார் கண்ணுக்கும் தெரியாது.

வீடியோவில் தெரிந்தது

டேஷ்கேமில் வேகமும் பதிவாகும். அதை நானும் ஓனரும் இளையவரும் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தோம். பஸ் ஒதுங்கும் வரை திரையின் மூலையில் 78 என்றே நிற்கிறது. பஸ் ஒதுங்கியதும் 79, அப்புறம் 81. வேகம் கூடுகிறது! முன்னால் வழி காலியாகிவிட்டது, செட் பண்ணிய 95-க்குப் போகலாம் என்று வண்டி கணக்குப் போட்டிருக்கிறது. அதே நேரத்தில்தான் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு புதர் மாதிரி கரும்பு லோடு தெரிய ஆரம்பிக்கிறது. அப்புறம் வண்டியின் மூக்கு கீழே குத்துகிறது, அதாவது பிரேக். எச்சரிக்கைச் சத்தம் அதற்குப் பிறகுதான் கேட்கிறது.

81 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 22 மீட்டருக்கு மேல் போய்விடுவோம். டிரைவர் சொன்ன ஒரு வாக்கியம்தான் இந்த முழு நிகழ்வின் சாரம்: "வண்டி பிரேக் போடும்னு நெனச்சேன்ண்ணா, போடலன்னு புரியறதுக்குள்ள கிட்ட வந்துட்டுது." அவர் தூங்கவில்லை, போன் பார்க்கவில்லை, கண் ரோட்டில்தான் இருந்தது. ஆனால் பார்த்த உடனே காலை எடுத்து வைக்காமல், வண்டி என்ன செய்கிறது என்று ஒரு கணம் காத்திருக்கிறார். தானே ஓட்டிக்கொண்டிருந்தால் அந்தக் காத்திருப்பே வந்திருக்காது. ராத்திரி முழுக்க ஒன்றுமே செய்யாமல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இரு, ஏதாவது ஆனால் மட்டும் பாய்ந்து பிடி என்று ஒரு மனிதனிடம் கேட்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்பதை யோசித்தால் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

ரேடார் ஏன் முன்கூட்டிச் சொல்லவில்லை என்று ஓனர் கேட்டார். ரேடார் தூரத்தோடு, எதிரே உள்ள பொருள் நம்மை நோக்கி எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது என்பதையும் அளக்கும். நிற்கிற பொருள் எல்லாமே நம் வேகத்திலேயே நம்மை நோக்கி வருவதாகத் தெரியும்: பாலம், பெயர்ப்பலகை, மீடியன் தடுப்பு, ரோட்டில் கிடக்கும் தகரம் எல்லாம். அத்தனைக்கும் பிரேக் போட்டால் பின்னால் வருகிறவன் நம்மை இடிப்பான். அதனால் அதிக வேகத்தில் போகும்போது நிற்கிற பொருளையும் ஊர்கிற பொருளையும், கேமரா உறுதிப்படுத்தாமல் பெரிதாக எடுத்துக்கொள்ளாதபடி இந்தக் கருவிகளைப் பொதுவாக அமைத்திருப்பார்கள். கேமரா தேடுவதோ வண்டியின் பின்பக்க உருவத்தை. விளக்கில்லாத கரும்புக் கட்டு அப்படி ஒரு உருவமே இல்லை. போதாததற்கு முன்னால் போன பஸ் அதுவரை மறைத்துக்கொண்டிருந்தது. முன் வண்டி திடீரென்று விலகி, அதற்கு முன்னால் நிற்கும் பொருள் வெளிப்படும் இந்த நிலைமை உலகம் முழுக்க இந்தத் துறையில் தெரிந்த சிக்கல்தான், பிளாஸ்டிக் கவருக்குள் கிடந்த கையேட்டிலும் எழுதியிருந்தது.

இன்னொன்றும் கவனித்தோம். சில நாள் கழித்து, பகலில், அதே வழியில் இளையவர் ஓட்ட நான் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். மீட்டரில் ஒரு சின்ன ஸ்டியரிங் படம் உண்டு, லேன் அசிஸ்ட் வேலை செய்யும்போது பச்சை, கோடு கிடைக்காவிட்டால் சாம்பல் நிறம். சர்வீஸ் ரோடு வந்து சேரும் இடங்களிலும், புதுத் தார் ஒட்டுப் போட்ட இடங்களிலும், டோல் பக்கத்திலும் அது பச்சையிலிருந்து சாம்பலுக்குப் போய் மறுபடி பச்சைக்கு வந்துகொண்டே இருந்தது. சத்தம் கிடையாது, அதிர்வு கிடையாது. அதைப் பார்க்கவே உட்கார்ந்திருந்த எனக்கே சில சமயம் தப்பியது. இளையவர் அதுவரை, ஒருமுறை போட்டால் நாம் நிறுத்தும் வரை வண்டிதான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்கிறது என்று நினைத்திருந்தார். அதாவது இத்தனை நாளும் அந்தச் சாலையில் பல இடங்களில் வண்டியும் திருப்பவில்லை, அவரும் திருப்பவில்லை. ரோடு நேராக இருந்ததால் தப்பித்திருக்கிறார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ஓனரின் முதல் முடிவு, எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள் என்பது. பயந்துபோன மனுஷன், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மூத்தவரும் அதையே சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த வண்டியில் இருப்பவை இரண்டு விதம். ஒன்று, சும்மா இருந்து ஆபத்தில் மட்டும் குறுக்கே வருவது: மோதல் எச்சரிக்கை, தானியங்கிப் பிரேக், பக்கவாட்டு எச்சரிக்கை. இது டிரைவரின் வேலையில் எதையும் எடுத்துக்கொள்வதில்லை, அவர் கவனம் குறைவதற்கும் காரணமாகாது. அமெரிக்காவில் ஐஐஹெச்எஸ் என்ற காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு அமைப்பு, எச்சரிக்கையும் தானியங்கிப் பிரேக்கும் உள்ள வண்டிகளில் முன்னால் போகிற வண்டியைப் பின்னாலிருந்து இடிக்கும் விபத்து சுமார் பாதியாகக் குறைகிறது என்று கண்டிருக்கிறது. இதை அணைப்பது தப்பு. இன்னொன்று, டிரைவரின் வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வது: குரூஸும் லேன் அசிஸ்ட்டும். சிக்கல் முழுக்க இங்கேதான்.

இதை ஓனருக்குப் புரியவைக்க 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரத்தில் நடந்ததைச் சொன்னேன். உபர் நிறுவனத்தின் சோதனை வண்டி, ராத்திரியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ரோட்டைக் கடந்த பெண்ணை இடித்தது, அவர் இறந்துபோனார். அது வால்வோ கார், கம்பெனியே பொருத்திய தானியங்கிப் பிரேக் அதில் இருந்தது. சோதனைக் கருவி ஓட்டும்போது அந்தப் பிரேக் செயல்படாதபடி செய்திருந்தார்கள். மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். காவலுக்கு இருந்ததை அணைத்தாயிற்று, ஓட்டுவது புதுக் கருவி, பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. அதில் முதல் பாதியை நாம் நம் வண்டியில் செய்யக் கூடாது என்றேன். ஓனர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி, பிரேக் இருக்கட்டும் என்றார்.

மிச்சத்துக்கு மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணினோம். தானியங்கிப் பிரேக்கையும் எச்சரிக்கைகளையும் யாரும் எப்போதும் அணைக்கக் கூடாது. லேன் அசிஸ்ட்டில் கோட்டைத் தாண்டினால் அதிர்வு கொடுக்கும் எச்சரிக்கை மட்டும் போதும், ஸ்டியரிங்கைத் திருப்பும் பகுதி வேண்டாம். குரூஸ் பகலில் மட்டும். சோர்வான ராத்திரியில்தானே குரூஸ் வேண்டும், அதற்குத்தானே வாங்கினேன் என்று ஓனர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் சோர்ந்துபோன மனிதரை ஓட்டுகிறவர் இடத்திலிருந்து எடுத்துக் காவல் காக்கிறவர் இடத்தில் உட்கார வைத்தால் அவர் இன்னும் சீக்கிரம் கண் சொருகிவிடுவார். சோர்வுக்கு மருந்து தூக்கம்தான். அதனால் பெங்களூரு ராத்திரிச் சவாரிக்குப் போகிற டிரைவருக்கு அன்று பகல் சவாரி கிடையாது என்று ஓனர் எழுதிப் போட்டார். வருமானம் குறையும் என்று தெரிந்தே செய்தார், அதற்காக அவரை மதிக்கிறேன்.

கையேட்டில் வண்டியால் முடியாது என்று சொல்லியிருப்பதையெல்லாம் பொறுக்கி, ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி லேமினேட் பண்ணி சன்வைசரில் செருகினோம். நின்ற வண்டி, விளக்கில்லாத வண்டி, நீட்டிக்கொண்டிருக்கும் லோடு, குறுக்கே வரும் மாடு, எதிர்த் திசையில் வரும் டூவீலர், பனி, எதிர் வெயில், இவை எதையும் வண்டி பார்க்கும் என்று நம்பாதே என்பதுதான் விஷயம். பச்சைப் படம், சாம்பல் படம் இரண்டையும் வரைந்து, சாம்பல் என்றால் நீதான் ஓட்டுகிறாய், பச்சை என்றாலும் நீதான் ஓட்டுகிறாய் என்று கீழே எழுதச் சொன்னவர் மூத்தவர்.

கண்ணாடி மாற்றிய பிறகு

இதற்கு நடுவே இன்சூரன்ஸில் கண்ணாடி மாற்றியாயிற்று. வெளியே ஒரு கண்ணாடிக் கடையில் போட்டார்கள், வேலை சுத்தமாக இருந்தது, கேமராவை எடுத்துப் பழைய மாதிரியே பொருத்தியிருந்தார்கள். வண்டி ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில், மேல்மொணவூர் பக்கம் ஸ்டியரிங் சம்பந்தமில்லாமல் உதறுகிறது, அலைன்மெண்ட் பாருங்கள் என்று மூத்தவர் கொண்டுவந்து விட்டார். அலைன்மெண்ட் சரியாக இருந்தது, டயர் காற்றும் சரி. அவரையே ஓட்டச் சொல்லிக் கூடப் போனேன். லேன் நடுவில் சரியாகத்தான் போகிறார், ஆனால் வண்டி கோட்டைத் தாண்டிவிட்டதாக நினைத்து ஸ்டியரிங்கில் அதிர்வு கொடுக்கிறது.

காரணம் கேமரா. புதுக் கண்ணாடியில் கேமராவின் கோணம் துளி மாறினாலும் போதும். ஒரு டிகிரி தவறினால் 50 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 87 சென்டிமீட்டர் தள்ளிப் பார்க்கும், ஒரு ஆள் அகலத்துக்கு மேலே. கண்ணாடி மாற்றினால் கேமராவுக்கு கேலிபரேஷன் செய்தாக வேண்டும்: சமதளத் தரையில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, குறிப்பிட்ட தூரத்தில் கட்டம் போட்ட பலகையை வைத்து, ஸ்கேனர் மூலம் கேமராவுக்கு நேர் எது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். சில மாடல்களில் கோடு தெளிவாக உள்ள ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டியும் செய்வார்கள். கண்ணாடிக் கடையில் அந்த வசதி இல்லை, இன்சூரன்ஸ் மதிப்பீட்டிலும் அப்படி ஒரு செலவு எழுதப்படவில்லை. மீட்டரில் எந்த எச்சரிக்கை விளக்கும் வரவில்லை என்பதுதான் எனக்குக் கவலை. கேமரா தப்பாகப் பார்த்துக்கொண்டே, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதே கேமராவை நம்பித்தான் தானியங்கிப் பிரேக்கும் இருக்கிறது.

கம்பெனி சர்வீஸில் கேலிபரேஷன் செய்த பிறகு உதறல் நின்றது. இந்த வசதிகள் பக்கமே போகாத மூத்தவர்தான் இதைக் கண்டுபிடித்தார். எல்லாம் சகஜம் என்று எடுத்துக்கொள்கிற கை என்றால் இன்னும் பல வாரம் ஓடியிருக்கும்.

பிறகு நடந்தது

இளையவர் கொஞ்ச நாள் ராத்திரிச் சவாரிக்குப் போகத் தயங்கினார், ஓனரும் வற்புறுத்தவில்லை. இப்போது போகிறார். மூத்தவருக்கு வாலாஜா அருகே சர்வீஸ் ரோட்டிலிருந்து ஒரு பைக் எதிர்த் திசையில் ஏறி வந்தபோது, எச்சரிக்கையும் அவர் காலும் ஒரே நேரத்தில் வேலை செய்து வண்டி நின்றது. அன்றிலிருந்து அந்தப் பிரேக்கைப் பற்றிக் குறை சொல்வதில்லை. ஒருமுறை பாலத்துக்கு அடியில் காரணமே இல்லாமல் பிரேக் பிடித்துப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பயந்துவிட்டார்கள். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், இந்த வசதியின் விலை அது.

ஒரு விஷயம் மட்டும் கடைசிவரை நிறைவாக முடியவில்லை. விபத்து நேரத்தில் எந்தெந்த வசதி இயங்கிக்கொண்டிருந்தது என்பதற்கு எங்களிடம் பதிவு இல்லை. டிரைவர் சொன்னதும், வேகம் 78-லிருந்து 81-க்குப் போனதும்தான் ஆதாரம். சட்டப்படி அதனால் ஒன்றும் மாறாது, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் வண்டிக்குப் பொறுப்பு சீட்டில் உட்கார்ந்த மனிதர்தான். ஆனால் என்ன நடந்தது என்று கற்றுக்கொள்ள அந்தப் பதிவு வேண்டும்.

வெளிநாட்டில் அடுத்த படிக்குப் போனவர்கள் இந்தக் கேள்வியைத்தான் முதலில் தீர்த்தார்கள். 2021 மார்ச்சில் ஜப்பானில் ஹோண்டா, அந்த வருஷ டிசம்பரில் ஜெர்மனியில் அனுமதி வாங்கிய மெர்சிடிஸ் பென்ஸ், இரண்டும் லெவல் 3. நெரிசலான நெடுஞ்சாலையில் மட்டும். பென்ஸுக்கு முதலில் 60 கிலோமீட்டர் வேகம் வரைதான், 2024 கடைசியில்தான் 95 வரை அனுமதி. இதற்கான ஐநா விதி 157, 2021 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதைப் படித்தபோது எங்கள் கரும்பு டிராக்டரைப் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது. கருவி தன் கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குத் தகுந்த வேகத்தில்தான் போக வேண்டும், 60 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைந்தது 46 மீட்டர் முன்னால் பார்க்க முடிய வேண்டும். மனிதரிடம் ஒப்படைக்க வேண்டுமானால் கேட்டுவிட்டுப் பொதுவாகப் பத்து வினாடியாவது காத்திருக்க வேண்டும், அவர் எடுக்காவிட்டால் தானே பத்திரமாக நிறுத்த வேண்டும். எப்போது கருவி ஓட்டியது, எப்போது மனிதர் ஓட்டினார் என்பது பதிவாக வேண்டும். பாதசாரியும் சைக்கிளும் அனுமதிக்கப்படாத, எதிர்த் திசையிலிருந்து தடுப்பால் பிரிக்கப்பட்ட சாலையில்தான் இயக்கலாம்.

பள்ளிகொண்டாவிலிருந்து வேலூர் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். தடுப்பு இருக்கிறது, அதைத் தாண்டி நடந்து கடக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை என்றால் பொய்கைச் சந்தைக்கு மாடு வரும். லெவல் 3-க்கு அந்த விதி கேட்கிற சாலை இது இல்லை. ஆனால் அதே வண்டிகளின் லெவல் 2 வடிவம் இந்தச் சாலையில்தான் ஓடுகிறது, சாலை எப்படி இருக்க வேண்டும் என்று எந்த நிபந்தனையும் இல்லாமல். பத்து வினாடி எல்லாம் கிடையாது, பச்சை சாம்பலாவதற்கு ஒரு சத்தம்கூட இல்லை. அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரப் பகுதியில் 2020 அக்டோபரிலிருந்து வேமோ நிறுவனத்தின் டாக்சி டிரைவரே இல்லாமல் பொதுமக்களை ஏற்றிப்போகிறது, அந்தக் காணொளியை இளையவர் என்னிடம் காட்டி, "அப்போ எங்க பொழப்பு இன்னாண்ணா ஆவறது?" என்று கேட்டார். வேலை போகும் என்பதால் ஓட்டுநரில்லாக் காரை இந்தியாவில் அனுமதிக்க மாட்டோம் என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சராக நிதின் கட்கரி 2017-லேயே சொன்னதை அவரிடம் சொன்னேன். அவருடைய பிழைப்பைவிட, இந்த இடைக்காலத்தில் அவருடைய உயிர்தான் எனக்கு முதல் கவலை.

இனி மாற்ற நினைப்பது

டேஷ்கேமை இரண்டு கேமரா உள்ளதாக மாற்றுகிறோம். உள்பக்கக் கேமராவை டிரைவரின் முகத்தை நோக்கி வைக்கலாம் என்று ஓனர் சொன்னபோது மூத்தவர் கோபப்பட்டார், அவர் கோபம் நியாயம். அதனால் அது மீட்டரை மட்டும் பார்க்கும்படி வைக்கப்போகிறோம்: குரூஸ் எந்த வேகத்தில், ஸ்டியரிங் படம் என்ன நிறத்தில் என்று பதிவானால் போதும்.

கண்ணாடி, முன் பம்பர், சஸ்பென்ஷன் இவற்றில் கை வைத்தால் கேலிபரேஷன் செய்த சீட்டு இல்லாமல் வண்டியை வெளியே விடுவதில்லை. இன்சூரன்ஸ் மதிப்பீட்டில் அந்தச் செலவை முதலிலேயே சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும், அப்புறம் கேட்டால் தரமாட்டார்கள். ஆக்டிங் டிரைவர்களுக்கு அடாஸ் வண்டியைக் கொடுப்பதற்கு முன் அந்தத் தமிழ்ப் பக்கத்தைப் படித்துக் காட்டி, ஒரு தடவை பள்ளிகொண்டா வரை கூட்டிப் போய்வர வேண்டும். இது இன்னும் ஒழுங்காக நடக்கவில்லை, அவசரத்துக்கு வருகிறவர்களிடம் சாவியைக் கொடுத்து அனுப்புவது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

கரும்பு டிராக்டர்காரர்களுக்குச் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் வாங்கிக் கொடுக்கலாம் என்று இளையவர் யோசனை சொன்னார். அடுத்த வெட்டுக்கு முன் செய்துவிடலாம் என்று ஓனர் ஒத்துக்கொண்டிருக்கிறார். டிரெய்லரில் ஒட்டினால் தொங்குகிற கரும்பு மறைத்துவிடும் என்பதால், கட்டின் நுனியில் தொங்கவிடும் பலகையாகச் செய்ய என் ஒர்க்‌ஷாப்பிலேயே ஒன்று வெட்டிப் பார்த்திருக்கிறோம்.

அடுத்த வண்டிக்கும் ஓனர் முன்பணம் கட்டியிருக்கிறார், அதிலும் அடாஸ் உண்டு. இந்த முறை ஒப்படைக்கும்போது இரண்டு டிரைவர்களையும் உட்கார வைத்து, ராத்திரியில் நெடுஞ்சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும், எது வேலை செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும் என்று ஷோரூமில் கேட்டிருக்கிறார். பகலில் என்றால் சரி, ராத்திரிக்கு ஆள் அனுப்ப முடியாது என்கிறார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.